லைவ் லினக்ஸை வேறு கேர்னலில் போட் செய்ய முடியுமா?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அண்ணனுடைய லெப்டொப், உள்ளே விண்டோஸ். அதில் கைவைத்தால் அண்ணன் சும்மா விடமாட்டார் என்பதால் உபுண்டு 22.04 என்ற லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி லைவாகவே, அதாவது டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே, ஓட்டுகிறார். சத்தம், டச்பேட், திரை வெளிச்சம் எல்லாம் சரி, வைஃபை மட்டும் இல்லை. சிக்னல் குறைவு என்றில்லை, வைஃபை என்ற பட்டனே மெனுவில் இல்லை. 'புதுக் கேர்னலில் போட் பண்ணு, வரும்' என்று யாரோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். (கேர்னல் என்பது வன்பொருளோடு பேசுகிற லினக்ஸின் மையப் பகுதி.) லைவில் அப்படிக் கேர்னலைத் தேர்ந்தெடுக்கலாமா, எந்த இடத்தில் தேர்ந்தெடுப்பது, அப்படிச் செய்தால் அண்ணனின் விண்டோஸுக்கு ஏதும் ஆகுமா என்பதுதான் கேள்வி.

தம்பி, பென் டிரைவுக்குள் இரண்டு கேர்னல் இருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். உங்களுடையதில் இருப்பது ஒன்றே ஒன்று. ஆகவே மெனுவை எவ்வளவு கிண்டினாலும் இன்னொன்று கிடைக்காது. உங்களுக்குத் தேவை வேறு கேர்னல் உள்ள வேறு ஐஎஸ்ஓ (பென் டிரைவில் எழுதுகிற, லினக்ஸ் முழுவதும் அடங்கிய கோப்பு), அதுவும் அனேகமாக அதே 22.04 இன் பிந்திய ஐஎஸ்ஓவே போதும். இதை மட்டும் எடுத்துக்கொண்டு போனாலும் வேலை நடக்கும். ஆனால் ஏன் என்று தெரியாமல் போனால் அடுத்த லெப்டொப்பில் திரும்பவும் இதே இடத்தில் நிற்பீர்கள், அதனால் கொஞ்சம் இருந்து வாசியுங்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழிலேயே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். உங்களுக்குச் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை, அவர் சொன்னது ஹார்ட் டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்த லினக்ஸைப் பற்றி. இன்ஸ்டால் செய்த உபுண்டுவில் அப்டேட் வரும்போதெல்லாம் புதுக் கேர்னல் வந்து சேரும், பழையதையும் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளும், போட் ஆகும்போது ஷிப்ட் அல்லது எஸ்கேப்பை அழுத்தினால் க்ரப் மெனு, அதாவது கேர்னலை ஏற்றிவிடுகிற புரோகிராமின் மெனு, வரும், அதில் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போனால் இருக்கிற கேர்னல்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். லைவில் அந்த வரியே கிடையாது. லைவில் க்ரப் வாசிப்பது ஐஎஸ்ஓவைத் தயாரித்தவர்கள் எழுதிவைத்த ஒரு சின்னக் கோப்பை. அதில் 'இந்தக் கேர்னலை ஏற்று, இந்த இனிட்ஆர்டியை ஏற்று' என்று இரண்டு வரி இருக்கும், அவ்வளவுதான்.

பென் டிரைவைத் திறந்து பாருங்கள், உபுண்டுவில் கேஸ்பர் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் விஎம்லினஸ் என்ற கோப்புத்தான் கேர்னல், இசட் எழுத்தில் முடியும். பக்கத்தில் இனிட்ஆர்டி, கேர்னல் எழும்பும்போது முதலில் தேவைப்படுகிற சாமான்களின் பொட்டலம். அதற்குப் பக்கத்தில் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்று முடிகிற பெரிய கோப்பு அல்லது கோப்புகள், நீங்கள் பார்க்கிற டெஸ்க்டொப், ஃபயர்பொக்ஸ், எல்லாம் அதற்குள் அமுக்கி அடைத்திருக்கிறது. டெபியன் லைவில் இதே சாமான்கள் லைவ் என்ற ஃபோல்டரில் இருக்கும். எம்எக்ஸ் லினக்ஸிலும் அன்டிஎக்ஸிலும் அன்டிஎக்ஸ் என்ற ஃபோல்டரில், பெரிய கோப்புக்கு லினக்ஸ்எஃப்எஸ் என்று பெயர். பெயர்கள்தான் வேறு, கதை ஒன்று.

கேர்னல் என்பது விஎம்லினஸ் என்ற அந்த ஒரு கோப்பு மட்டுமில்லை என்பதுதான் இதில் விளங்கவேண்டிய விஷயம். வைஃபை, சவுண்ட், கிராபிக்ஸ் டிரைவர்களில் பெரும்பகுதி கேர்னலுக்கு வெளியே மொடியூல்களாகக் கிடக்கின்றன. அவை இரண்டு இடத்தில் இருக்கும். பென் டிரைவைக் கண்டுபிடித்து அந்தப் பெரிய கோப்பைத் திறக்கும்வரை தேவைப்படுகிறவை இனிட்ஆர்டிக்குள், மற்றதெல்லாம் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்குள் லிப் என்ற ஃபோல்டரில் மொடியூல்ஸ் என்பதற்குக் கீழே, அந்தக் கேர்னலின் முழு வெர்ஷன் எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டரில். 5.15 க்குக் கட்டிய மொடியூலை 6.8 கேர்னல் ஏற்காது. ஏன், 5.15 இன் ஒரு பதிப்புக்குக் கட்டியதை அதற்கு அடுத்த பதிப்பே பெரும்பாலும் ஏற்காது. ஆகவே மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கவேண்டும்: விஎம்லினஸ், இனிட்ஆர்டி, மொடியூல் ஃபோல்டர்.

இது எனக்குப் புத்தகத்தில் வந்த அறிவில்லை. கல்லடியில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு கொம்பியூட்டர் பழுது பார்க்கிறவன் நான். தொடக்க காலத்தில் ஒரு நாள் ராத்திரி, பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில், வேறொரு லெப்டொப்பிலிருந்து புது விஎம்லினஸை மட்டும் எடுத்து பென் டிரைவில் பழையதுக்கு மேலே ஒட்டிவிட்டேன். போட் ஆனது, எழுத்து எழுத்தாக ஓடியது, மறுகா லைவ் கோப்பமைப்பு உள்ள எதையும் காணவில்லை என்ற பொருளில் ஒரு வரி வந்து, இனிட்ராம்எஃப்எஸ் என்ற கறுப்புத் திரையில் நின்றுவிட்டது. பென் டிரைவ் குத்தியபடியே இருக்கிறது, அதிலிருந்துதான் கேர்னலே வந்தது, ஆனால் பென் டிரைவைக் காணவில்லை என்கிறது! கேர்னலைக் கொண்டுவந்து ஏற்றியது க்ரப். ஏறிய கேர்னல் பென் டிரைவைத் தானாகப் பார்க்க யுஎஸ்பி மொடியூல் வேண்டும், இனிட்ஆர்டியில் இருந்ததோ பழைய கேர்னலின் மொடியூல். பூட்டை மாற்றிவிட்டுப் பழைய திறப்போடு வாசலில் நின்ற கதை. அந்தக் கேர்னலுக்கென்று லைவுக்காகக் கட்டிய இனிட்ஆர்டியையும் சேர்த்து மாற்றியிருந்தால் டெஸ்க்டொப்வரை போயிருக்கும், ஆனால் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் பழைய மொடியூல்கள் என்பதால் வைஃபையும் இல்லை, சத்தமும் இல்லை என்று முந்தியதைவிட மோசமான ஒன்று கிடைத்திருக்கும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது, இதில் விழாதவர்களை நான் கண்டதில்லை. பென் டிரைவில் பெர்சிஸ்டன்ஸ் வைத்திருப்பார்கள், அதாவது செய்த மாற்றங்கள் அழியாமல் நிற்கிற ஏற்பாடு. அதில் ஏபிடி அப்கிரேட் என்ற புதுப்பிக்கும் கட்டளையை ஓட்டினால் புதுக் கேர்னல் இறங்கி இன்ஸ்டால் ஆகும், எல்லாம் பச்சைக்கொடிதான். ரீபூட் செய்து, ஓடுகிற கேர்னலின் எண்ணைக் காட்டும் யூநேம் ஹைபன் ஆர் தட்டினால் அதே பழைய எண். ஏனென்றால் புதுக் கேர்னல் போய் உட்கார்ந்தது பெர்சிஸ்டன்ஸ் பகுதியில் இருக்கிற பூட் ஃபோல்டரில், க்ரப் எடுப்பதோ கேஸ்பர் ஃபோல்டரிலிருந்து. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. அப்கிரேட் ஓடும்போது கவனித்திருந்தால், வாசிக்க மட்டும் முடிந்த மீடியாவில் ஓடுவதால் இனிட்ராம்எஃப்எஸ், அதாவது இனிட்ஆர்டி, புதுப்பிப்பு நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி ஓடியிருக்கும். அதை யார் பார்க்கிறார்கள்? ஜிபி கணக்கில் டேட்டா போனதுதான் மிச்சம்.

சரி, உங்கள் வைஃபைக்கு வருவோம். கேர்னலைக் குற்றம் சொல்ல முன்னம் அது கேர்னலின் குற்றமா என்று பாருங்கள். டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, ஹைபன் என்என்கே என்று சேர்த்துத் தட்டுங்கள். நீளமாக வரும். அதில் நெட்வேர்க் கன்ட்ரோலர் என்ற வரியைத் தேடுங்கள். கார்டின் பெயரும் சதுர அடைப்புக்குள் இரண்டு துண்டு எண்ணும் இருக்கும். அதற்குக் கீழே 'கேர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது, பிரச்சினை வேறெங்கோ. அந்த வரியே இல்லை என்றால்தான் கேர்னலுக்கு அந்தக் கார்டைத் தெரியவில்லை என்று அர்த்தம்.

இந்த மூன்று நான்கு வருடத்து லெப்டொப்களில் என் மேசைக்கு அதிகம் வருவது ரியல்டெக் 8852பிஈ என்ற கார்டு. அடைப்புக்குள் 10ஈசி, பி852 என்று காட்டும். உங்களுடையது இதுதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கான டிரைவர் லினக்ஸ் கேர்னலுக்குள் வந்தது 6.2 இல்தான். அதே குடும்பத்து 8852ஏஈ என்றால் 5.16 இல் வந்துவிட்டது. மீடியாடெக் 7921 என்றால் 5.12. உங்கள் 22.04 முதல் வந்தபோது இருந்தது 5.15, ஆக 7921 வேலை செய்யும், 8852பிஈ வேலை செய்யாது. பென் டிரைவில் கோளாறு ஒன்றும் இல்லை, லெப்டொப்பிலும் இல்லை, இரண்டும் சந்தித்த நாள்தான் பிழை.

டிரைவர் வரி இருந்தும் வைஃபை இல்லையென்றால் சூடோ இடைவெளி டிஎம்எஸ்ஜி ஓட்டி ஃபேர்ம்வெயர் என்ற சொல்லைத் தேடுங்கள். கார்டுக்குள் ஏற்றவேண்டிய ஃபேர்ம்வெயர் கோப்பு கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டிருக்கும். அது கேர்னல் விவகாரமில்லை, அது தனிப் பொதி.

இப்போது வழி. உபுண்டு 22.04 என்று எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னாலும் டெஸ்க்டொப் ஐஎஸ்ஓ ஆறு விதமாக வந்திருக்கிறது, உள்ளே இருக்கிற கேர்னல் வேறு வேறு. முதல் 22.04 இலும் 22.04.1 இலும் 5.15. 22.04.2 இல் 5.19, 22.04.3 இல் 6.2, 22.04.4 இல் 6.5, 22.04.5 இல் 6.8. கடைகளிலும் நண்பர்களிடமும் கைமாறுகிற பென் டிரைவ்களில் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றுதான் இருக்கிறது, ஒருவர் 2022 இல் இறக்கியதையே ஊர் முழுக்கக் கொப்பி அடித்துக்கொண்டு திரிகிறோம். நீங்கள் 22.04.5 ஐ எடுங்கள். இல்லையென்றால் 24.04, அதன் முதல் ஐஎஸ்ஓவிலும் 6.8, 24.04.2 இல் 6.11, 24.04.3 இல் 6.14. புதியதிலிருந்து பழையதுக்குப் போகவேண்டிய தேவை வந்தால், அதாவது புதுக் கேர்னலில்தான் ஏதோ உடைந்திருக்கிறது என்றால், முந்திய ஐஎஸ்ஓக்களை உபுண்டு 'ஓல்ட் ரிலீசஸ்' என்ற தனி இடத்தில் வைத்திருக்கிறது, அங்கே எடுக்கலாம்.

வெளிவந்த திகதியைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். டெபியன் 12 வந்தது 2023 யூனில், உபுண்டு 22.04 க்கு ஒரு வருடத்துக்கு மேல் பிந்தி. ஆனால் அதிலுள்ள கேர்னல் 6.1. 8852பிஈ க்கு ஒரு படி குறைவு! 'புதுசு போட்டும் வரவில்லை' என்று ஒருவர் என்னிடம் கொண்டுவந்து வைத்தது இதைத்தான். டெபியன் 13 இல் 6.12, அதில் பிரச்சினையில்லை. லினக்ஸ் மின்ட்காரர்கள் இந்தத் தலையிடிக்கென்றே எட்ஜ் என்று தனி ஐஎஸ்ஓ விட்டார்கள், 21.3 எட்ஜில் 6.5 கேர்னல். எம்எக்ஸில் ஏஎச்எஸ் என்ற மூன்றெழுத்து உள்ளது புதுச் சாமான்களுக்கானது.

ஆனால் 24.04 ஐஎஸ்ஓ 6 ஜிபிக்குக் கிட்ட. மொபைல் டேட்டாவில் அதை இறக்கிவிட்டு அதிலும் வைஃபை இல்லை என்றால் வயிறு எரியும். நான் செய்கிறது என்னவென்றால் முதலில் ஆர்ச் லினக்ஸின் ஐஎஸ்ஓவை எடுத்துப் பார்ப்பது. ஒன்றரை ஜிபிக்குள் முடிந்துவிடும், மாதம் ஒரு முறை அந்த நேரத்துப் புதுக் கேர்னலோடு வருகிறது. போட் ஆனால் டெஸ்க்டொப் ஒன்றும் வராது, கறுப்புத் திரைதான், பயப்படவேண்டாம். ஐடபிள்யூசிடிஎல் என்று தட்டி எண்டர், பிறகு டிவைஸ் இடைவெளி லிஸ்ட். உங்கள் வைஃபை கார்டு ஒரு வரியாக வந்தால் புதுக் கேர்னல் அதை அறியும் என்று உறுதி, அதன் பிறகு பெரிய ஐஎஸ்ஓவுக்கு டேட்டாவைச் செலவழிக்கலாம். அதிலும் வரவில்லையா, கேர்னலைத் தேடி அலைவதை நிறுத்திவிட்டு ஒரு சின்ன யுஎஸ்பி வைஃபை குச்சி வாங்குங்கள், வாங்குகிறபோது லினக்ஸில் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இன்று ராத்திரியே இணையம் வேண்டுமென்றால் கேர்னலை மாற்றவே தேவையில்லை. அண்ட்ரொய்ட் போனை கேபிளால் குத்தி யுஎஸ்பி டெதரிங்கை ஒன் செய்யுங்கள். லினக்ஸ் அதை வயர் நெட்வேர்க் மாதிரி எடுத்துக்கொள்ளும், 5.15 இலும் எடுக்கும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதே வைஃபைதான் கேபிள் வழியாக வரும், டேட்டா போகாது. நிறையப் பேர் இதோடு நின்றுவிடுகிறார்கள், நிற்பதில் தவறும் இல்லை.

பல ஐஎஸ்ஓக்களை ஒரே பென் டிரைவில் வைத்திருக்க வென்டோய் போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை வென்டோயை ஏற்றினால் அதன் பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைப் பாட்டுப் பதிகிற மாதிரி அப்படியே கொப்பி பண்ணினால் போதும், போட் ஆகும்போது எது வேண்டும் என்று கேட்கும். என்னிடம் 64 ஜிபி பென் ஒன்றில் 5.10 கேர்னல் உள்ள டெபியன் 11, உபுண்டு 22.04.1, 22.04.5, ஆர்ச், அன்டிஎக்ஸ் எல்லாம் கிடக்கின்றன. 'போட் ஆகும்போது கேர்னலைத் தேர்ந்தெடுப்பது' என்பது நடைமுறையில் எனக்கு இதுதான். கேர்னலைத் தனியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கேர்னலும் அதன் மொடியூல்களும் சேர்ந்த குடும்பத்தையே தேர்ந்தெடுக்கிறேன். இறக்கிய ஐஎஸ்ஓவின் ஷா256 எண்ணை, அதாவது கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டுகிற எண்ணை, மட்டும் ஒத்துப்பாருங்கள், விட்டு விட்டு வருகிற இணைப்பில் இறக்கியது பாதியில் பழுதாகி, அது கேர்னல் பிழை மாதிரியே வேடம் போடும்.

மெனுவிலேயே உண்மையாக இரண்டு கேர்னல் உள்ள ஐஎஸ்ஓக்களும் இருக்கின்றன. உபுண்டு சேர்வர் 22.04 ஐஎஸ்ஓவின் மெனுவில் ஒரு வரி சாதாரண சேர்வர், இன்னொரு வரி எச்டபிள்யூஈ, அதாவது புது வன்பொருளுக்கான, கேர்னலுடன். கேஸ்பர் ஃபோல்டருக்குள் பார்த்தால் எச்டபிள்யூஈ என்ற முன்னொட்டோடு இன்னொரு விஎம்லினஸும் இன்னொரு இனிட்ஆர்டியும் இருக்கும், ஜோடியாகத்தான் இருக்கும், தனியாக ஒன்று இருக்காது. அன்டிஎக்ஸ் 21 இன் 64 பிட் முழுப் பதிப்பில் 4.9, 5.10 என்று இரண்டு. எனக்கு மிகப் பிடித்தது இது. படுவான்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பழைய கொம்பியூட்டர்களைச் சரிபார்க்கப் போனபோது 5.10 இல் பாதிக்கு மேற்பட்டவை கறுப்புத் திரையோடு நின்றன. ரீபூட் செய்து மெனுவில் லெகசி என்றிருந்த 4.9 ஐத் தேர்ந்தெடுத்ததும் எழும்பிவிட்டன. புதுக் கேர்னல்தான் எப்போதும் மருந்து என்று எண்ணவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன், பழைய கிராபிக்ஸ் சிப் உள்ள பெட்டிகளுக்குப் பழைய கேர்னல்தான் சில நேரம் ஒத்துவருகிறது.

சிடியிலிருந்தே ஓடுகிற நொப்பிக்ஸ் என்ற லைவ் லினக்ஸ் ஞாபகம் வருகிறது. 2004 இல் வந்த நொப்பிக்ஸ் 3.4 இல் 2.4 கேர்னலும் 2.6 கேர்னலும் ஒரே சிடியில் இருந்தன. ஒன்றும் தட்டாமல் எண்டர் அடித்தால் 2.4, நொப்பிக்ஸ்26 என்று தட்டினால் 2.6. முதன்முதலில் கேர்னல் என்ற சொல்லையே அந்த போட் வரியில்தான் பார்த்தேன். அந்தச் சிடி அதே வருடம் டிசம்பரில் கடலோடு போய்விட்டது, வீட்டில் போன மற்றச் சாமான்களுக்கு முன்னால் அதெல்லாம் ஒரு பொருளா, ஆனாலும் அந்த வரி மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கேர்னலை மாற்ற நினைக்கிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தேவைப்படுவது கேர்னலுக்கு ஒரு சொல் சொல்லிவிடுவது. உங்கள் வைஃபைக்கு இது உதவாது, ஆனால் திரை கறுப்பாகிறது, லோகோவில் உறைகிறது என்கிறவர்களுக்கு உதவும். க்ரப் மெனுவில் வேண்டிய வரியில் நின்றுகொண்டு ஈ எழுத்தை அழுத்துங்கள், லினக்ஸ் என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள், அதன் கடைசியில் மூன்று ஹைபன் இருக்கும், அதற்கு முன்னால் நோமோட்செட் என்று இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்டி, கன்ட்ரோல் எக்ஸ் அல்லது எஃப்10. கிராபிக்ஸ் டிரைவரின் வித்தைகள் நின்று எளிய காட்சியில் எழும்பும். மூன்று ஹைபனுக்குப் பின்னால் தட்டினால், பிறகு இன்ஸ்டால் செய்யும்போது அந்தச் சொல் இன்ஸ்டால் ஆன சிஸ்டத்துக்கும் போகும், முன்னால் தட்டினால் லைவோடு முடிந்தது. உபுண்டுவில் 'சேஃப் கிராபிக்ஸ்', மின்டில் 'கம்பட்டிபிலிட்டி மோட்' என்று மெனுவில் நிற்கிற வரிகளும் இதே நோமோட்செட்டைத்தான் சேர்க்கின்றன, வேறு கேர்னல் ஒன்றும் அங்கே இல்லை. பழைய மெனு, அதாவது ஐசோலினக்ஸ் என்றால் ஈ க்குப் பதில் டாப் கீ. இப்படித் திருத்துகிறது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், ரீபூட் ஆனால் பழையபடி. அதனால் பிழைத்துவிடுமோ என்ற பயமில்லாமல் விளையாடலாம்.

இவ்வளவு சொல்லியும் 'இல்லை அண்ணன், என் பென் டிரைவிலேயே இரண்டாவது கேர்னல் வேண்டும்' என்று நிற்கிறவர்களுக்கு வழி உண்டு, கொஞ்சம் நீளம். ஐஎஸ்ஓவை அப்படியே எழுதிய பென் டிரைவில் முடியாது, அது வாசிக்க மட்டும்தான். ரூபஸ் என்ற விண்டோஸ் மென்பொருளில் ஐஎஸ்ஓ முறையில் எழுதினால் ஃபேட்32 என்ற கோப்பமைப்பாக இருக்கும், கோப்பு சேர்க்கலாம், பெர்சிஸ்டன்ஸும் அங்கேயே அமைக்கலாம். பெர்சிஸ்டன்ஸோடு எழுப்பி, புதுக் கேர்னல் பொதியை அதன் மொடியூல் பொதிகளோடு ஏபிடியால் இன்ஸ்டால் செய்தால் மொடியூல்கள் பெர்சிஸ்டன்ஸ் பகுதியில் நின்றுவிடும். பிறகு எம்கேஇனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டளையை நேரடியாக ஓட்டி, புதுக் கேர்னலின் முழு வெர்ஷன் எண்ணைக் கொடுத்து ஒரு புது இனிட்ஆர்டி கட்டவேண்டும். நிறுத்திவைத்திருப்பது அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ்ஸைத்தான், இதை இல்லை. அந்த இனிட்ஆர்டியையும் புது விஎம்லினஸையும் கேஸ்பர் ஃபோல்டருக்குள் வேறு பெயரில் போடுங்கள். பழையதுக்கு மேலே ஒட்டவேண்டாம், என் கதையைத்தான் மேலே வாசித்தீர்கள். கடைசியாக க்ரப்பின் சிஎஃப்ஜி கோப்பில் இருக்கிற மெனு வரித் தொகுதியைக் கொப்பி அடித்துக் கீழே ஒட்டி, இரண்டு பெயரையும் மாற்றி, பெர்சிஸ்டன்ட் என்ற சொல் லினக்ஸ் வரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் மொடியூல்கள் இருக்கிற பகுதி இணையாது, திரும்பவும் வைஃபை இல்லாத டெஸ்க்டொப்தான்.

பெர்சிஸ்டன்ஸ் இல்லாமல் சுத்தமாகச் செய்ய விரும்பினால் கியூபிக் என்ற மென்பொருள் இருக்கிறது. ஐஎஸ்ஓவை விரித்து, உள்ளே போய்க் கேர்னலை இன்ஸ்டால் செய்யவிட்டு, எந்தக் கேர்னலில் போட் ஆகவேண்டும் என்று கேட்டு, புது ஐஎஸ்ஓவாகக் கட்டித் தரும். இடம் 20 ஜிபியாவது வைத்துக்கொள்ளுங்கள். கட்டி வருகிற ஸ்குவாஷ்எஃப்எஸ் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 பென் டிரைவில் ஏறாது, அந்தக் கோப்பமைப்பின் எல்லை அது, வென்டோயில் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. எம்எக்ஸ்காரர்களுக்கு லைவ் கேர்னல் அப்டேட்டர் என்று கையோடு ஒரு கருவியே தந்திருக்கிறார்கள்: கேர்னலை இன்ஸ்டால் செய்து, ரீமாஸ்டர் செய்து (மாற்றங்களை அந்தப் பெரிய கோப்புக்குள் சேர்த்துக் கட்டி), ரீபூட் ஆன பிறகு அதை ஓட்டினால் மூன்றையும் அதுவே பொருத்திவிடும். லைவ் பென் டிரைவிலேயே நீண்ட நாள் குடியிருக்கப்போகிறவர்களுக்கு நான் எம்எக்ஸைச் சொல்வது இதனால்தான். ஒரு வைஃபைக்காக இத்தனையும் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் பொழுதுபோகாத போயா தினத்தில் செய்து பார்க்க நல்ல விளையாட்டு.

கடைசிக் கேள்வி, அண்ணனின் விண்டோஸ். எந்தக் கேர்னலில் லைவை எழுப்பினாலும் நீங்களாக டிஸ்க்கைத் தொடாதவரை விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து இருப்பது வேறு இடத்தில். நீங்களே கட்டிய கேர்னல் அல்லது கையொப்பமில்லாத கேர்னல் செக்யூர் பூட், அதாவது கையொப்பமிட்டதை மட்டும் ஏறவிடுகிற காவல், ஒன் ஆக இருக்கிற லெப்டொப்பில் ஏறாது, 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று முகத்தில் அடிக்கும். உபுண்டு கையொப்பமிட்டு அனுப்புகிற கேர்னல்களுக்கு இந்தத் தடை இல்லை, வென்டோய்க்கு முதல் தடவை மட்டும் அதன் திறப்பைப் பதியச் சொல்லி ஒரு நீலத் திரை வரும். தடை வந்ததும் எல்லாரும் செய்கிறது பயோஸுக்குள் போய்ச் செக்யூர் பூட்டை நிறுத்துவது. நிறுத்திவிட்டு அடுத்த நாள் விண்டோஸைப் போட்டால், டிஸ்க் பிட்லொக்கர் என்ற விண்டோஸின் மறையாக்கத்தில் பூட்டியிருந்தால், 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கும். புது லெப்டொப்களில் பிட்லொக்கர் தானாகவே ஒன் ஆகியிருப்பது உரிமையாளருக்கே தெரியாது. அந்த எண் பெரும்பாலும் அண்ணனின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும், ஆனால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் அண்ணனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்பது வேறு கதை. ஆகவே பயோஸில் கைவைக்க முன்னம் அண்ணனையே உட்காரவைத்து அந்த எண்ணை எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அந்தத் தாளை லெப்டொப் பைக்குள் வைக்கவேண்டாம்.